போட்டோவை டாக்குமென்டாக அனுப்பினால் வீட்டு விலாசமும் கூடவே போகும்

"கிளியரா இல்ல, டாக்குமென்டா அனுப்புங்க." கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எது நடந்தாலும் மறுநாள் குடும்ப குரூப்பில் வந்து விழும் கோரிக்கை இது. கேட்பவர் மேல் தப்பே இல்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய போட்டோ சுருங்கித்தான் போகும், பெரிதாக பிரிண்ட் போட்டால் முகம் மங்கிவிடும். ஆனால் டாக்குமென்டாக அனுப்பும்போது அசல் ஃபைல் அப்படியே போகிறது. எங்கே நின்று எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், எந்த போனில் எடுத்தீர்கள் என்பதெல்லாம் அந்த ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் சேர்ந்துதான் போகிறது. குரூப்பில் இருநூறு பேர் இருந்தால் அதில் எத்தனை பேரை உங்களுக்கு நேரில் தெரியும்? அவர்கள் யாருக்கு ஃபார்வர்டு செய்வார்கள் என்று தெரியுமா?

இந்தத் தகவலுக்கு எக்ஸிஃப் என்று பெயர். டிஜிட்டல் கேமரா பரவத் தொடங்கிய காலத்தில், 1995-ல், ஜப்பானில் உருவாக்கிய தரம் அது. ஷட்டர் வேகம், அபெர்ச்சர், தேதி, நேரம் எல்லாவற்றையும் கேமராவே படத்தோடு எழுதி வைத்துவிடும். போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்பவர்களுக்கு இன்றைக்கும் இது பெரிய உதவிதான். அப்புறம் கேமரா போனுக்குள் வந்தது, போனுக்குள் ஜிபிஎஸ்ஸும் வந்தது. நீங்கள் நிற்கிற இடமும் அதே ஃபைலில் சத்தமில்லாமல் பதிய ஆரம்பித்தது.

நம்பிக்கை இல்லையென்றால் இப்போதே உங்கள் போனில் ஒரு படத்தைத் திறந்து விரலால் மேலே தள்ளிப் பாருங்கள், இல்லையென்றால் வட்டத்துக்குள் ஆங்கில எழுத்து i இருக்கிற குறியைத் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் ஒரு குட்டி மேப் வரும். அந்த மேப்புக்குப் பின்னால் இருப்பது இரண்டே எண்கள்தான். மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலில் எடுத்த படமென்றால் 9.9195, 78.1193 என்கிற மாதிரி இருக்கும். அந்த இரண்டையும் கூகுள் மேப்ஸின் தேடல் பெட்டியில் ஒட்டினால் நேராகக் கோயிலில் கொண்டுபோய் நிறுத்தும். புள்ளிக்குப் பிறகு நான்காவது இடத்தில் ஒரு எண் கூடினாலோ குறைந்தாலோ தரையில் சுமார் 11 மீட்டர்தான் நகரும், அதாவது பக்கத்து வீடு. போன்கள் அதைவிட நுணுக்கமாகவே எழுதி வைக்கின்றன. வெட்டவெளியில் ஐந்து, பத்து மீட்டருக்குள் சொல்லிவிடும், வீட்டுக்குள் என்றால் கொஞ்சம் தள்ளிக் காட்டலாம், அவ்வளவுதான்.

இதோடு நிற்பதும் இல்லை. பல போன்கள் கேமரா எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்றும், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்றும் எழுதும். பெரிய கேமராக்கள் பலவற்றில் பாடியின் சீரியல் நம்பர் இருக்கும், லென்ஸின் நம்பரும் இருக்கும். ஒரே சீரியல் நம்பர் உள்ள இரண்டு படங்கள் கிடைத்தால், ஒன்றைப் பெயரில்லாமல் போட்டு இன்னொன்றைச் சொந்தப் பெயரில் போட்டிருந்தாலும், இரண்டும் ஒரே ஆளுடையவை என்று கண்டுபிடித்துவிடலாம். கேமரா செட்டிங்ஸில் உரிமையாளர் பெயர் என்று ஒரு இடம் இருக்கும். வாங்கிய புதிதில் ஆசையாகப் பெயரை அடித்து வைத்திருந்தால் அதுவும் எல்லாப் படத்திலும் போகும்.

ஒரு படத்தை மட்டும் வைத்து யோசித்தால் பெரிதாகத் தெரியாது. பத்துப் படம் சேர்ந்தால்தான் விஷயம் கனமாகிறது. காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் எடுத்தவை ஒரே இடத்தைக் காட்டினால் அது வீடு. ஒன்பதரைக்குப் பிள்ளையின் யூனிஃபார்ம் படம் வேறொரு இடத்தைக் காட்டினால் அது பள்ளிக்கூடம். சனிக்கிழமை சாயங்காலம் வாரா வாரம் வருகிற மூன்றாவது இடம் பாட்டு கிளாஸ். இதற்கு ஹேக்கிங் எதுவும் தேவையில்லை, போட்டோவைத் திறந்து பார்க்கத் தெரிந்தால் போதும். தனியாக இருக்கிற பெண்கள், பழைய உறவிலிருந்து விலகி வேறு ஊரில் குடியிருப்பவர்கள், சின்னப் பிள்ளைகளின் படத்தைப் போடுகிற பெற்றோர், இவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

பெரிய ஆட்களே மாட்டியிருக்கிறார்கள். ஆன்டிவைரஸ் மென்பொருளால் பெயர் பெற்ற ஜான் மெக்கஃபீ 2012-ல் பெலீஸ் நாட்டுப் போலீஸ் விசாரணைக்குத் தேடியபோது தலைமறைவாக இருந்தார். அவரோடு கூடவே பயணித்த வைஸ் பத்திரிகைக்காரர்கள் டிசம்பர் தொடக்கத்தில் அவர் படத்தைத் தங்கள் தளத்தில் போட்டார்கள். ஐபோன் 4எஸ்ஸில் எடுத்த படம், அதிலிருந்த ஜிபிஎஸ்ஸை யாரும் நீக்கவில்லை. அவர் குவாத்தமாலாவில் இருப்பது உலகத்துக்கே தெரிந்துபோனது, சில நாளில் கைதானார். அதற்கும் முன்னால், 2007-ல், ஈராக்கில் ஒரு அமெரிக்க ராணுவ முகாமுக்குப் புதிதாக வந்திறங்கிய ஹெலிகாப்டர்களை வீரர்கள் படமெடுத்து இணையத்தில் ஏற்றினார்கள். அந்தப் படங்களில் இருந்த இடத்தகவலை வைத்து எதிரிகள் மோர்ட்டார் அடித்து நான்கு அப்பாச்சி ஹெலிகாப்டர்களை அழித்தார்கள் என்று அந்த ராணுவமே பிற்பாடு தன் ஆட்களுக்கு எச்சரிக்கையாகச் சொன்னது.

எந்த வழியில் போனால் ஒட்டிக்கொண்டு போகும்

எல்லா வழியும் ஆபத்து இல்லை, இதைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பயம் போய்விடும். வாட்ஸ்அப்பில் போட்டோவாகவே அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிப் புதிதாக எழுதுகிறது, அப்போது ஜிபிஎஸ் கழன்றுவிடும். சிக்னல் ஆப்பும் அப்படித்தான். டெலிகிராமில் போட்டோவாகப் போனால் கழன்றுவிடும், ஃபைலாகப் போனால் தங்கும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் மூன்றும் மற்றவர்கள் இறக்கிப் பார்க்கும் படத்திலிருந்து இடத்தை எடுத்துவிடுகின்றன. ஆனால் நீங்கள் ஏற்றியபோது அந்த கம்பெனியின் கைக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை மறக்காதீர்கள், ஊர்க்காரருக்குத் தெரியாது என்பதும் கம்பெனிக்குத் தெரியாது என்பதும் ஒன்றல்ல.

ஒட்டிக்கொண்டே போகும் வழிகள்: வாட்ஸ்அப் டாக்குமென்ட், ஈமெயில் அட்டாச்மென்ட், கூகுள் டிரைவ் லிங்க், ஜிப் ஃபைல், புளூடூத், குயிக் ஷேர், ஏர்டிராப், பென் டிரைவ். கவனித்தீர்களா, எல்லாமே "ஒரிஜினல் குவாலிட்டி" வேண்டும் என்று நாம் தேடிப்போகிற வழிகள். அசல் தெளிவு எங்கே போகிறதோ அங்கே அசல் தகவலும் போகும், பெரும்பாலும் அப்படித்தான். ஃபிளிக்கர் மாதிரி போட்டோகிராபர்களுக்கான தளங்கள் எக்ஸிஃபை வேண்டுமென்றே வைத்திருக்கும், அது அவர்களுக்குத் தேவை. சொந்தமாக வேர்ட்பிரஸ்ஸில் பிளாக் எழுதுபவர்களுக்கு ஒரு விஷயம்: வேர்ட்பிரஸ் தருகிற பிரைவசி பாலிசி மாதிரிப் பக்கத்திலேயே, இடத்தகவல் உள்ள படங்களை ஏற்றாதீர்கள், பார்ப்பவர்கள் படத்தை இறக்கி அந்த இடத்தைத் தெரிந்துகொள்ள முடியும் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

ஆண்ட்ராய்டு 10-லிருந்து ஒரு பாதுகாப்பு வந்திருக்கிறது. தனி அனுமதி வாங்காத ஆப் படத்தைத் திறந்தால் ஆண்ட்ராய்டே ஜிபிஎஸ்ஸை மறைத்துக் கொடுக்கும். அதனால் சில போனில் சில வழியில் டாக்குமென்டாக அனுப்பினாலும் இடம் போகாமல் இருக்கலாம். உங்கள் போனில் எப்படி என்று ஊகிக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள். வீட்டில் ஒரு படம் எடுத்து, வீட்டிலேயே இன்னொருவர் போனுக்கு நீங்கள் வழக்கமாக அனுப்பும் முறையில் அனுப்பி, அங்கே டீடெயில்ஸைத் திறந்தால் தெரிந்துவிடும். கூகுள் போட்டோஸில் "எஸ்டிமேட்டட் லொகேஷன்" என்று காட்டினால் அது கூகுள் ஊகித்தது, ஃபைலில் இருப்பதல்ல, குழம்ப வேண்டாம். இன்னொன்று, எக்ஸிஃப் பார்த்துச் சொல்கிறோம் என்று கூப்பிடுகிற வெப்சைட்களில் உங்கள் குடும்பப் படத்தை ஏற்றாதீர்கள். மறைக்க நினைக்கிற படத்தையே முகம் தெரியாதவரிடம் கொடுப்பதாகிவிடும்.

எடுக்கும்போதா, அனுப்பும்போதா

கேமராவில் லொகேஷனையே நிறுத்திவிடலாம். ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, லொகேஷன் சர்வீசஸ், கேமரா, அதில் நெவர். ஆண்ட்ராய்டில் கேமரா ஆப்பின் செட்டிங்ஸுக்குள் சாம்சங்கில் லொகேஷன் டேக்ஸ் என்றும், ஷாவ்மியில் சேவ் லொகேஷன் இன்ஃபோ என்றும், இப்படி ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கும். தேடிக் கிடைக்கவில்லையென்றால் கேமரா ஐகானை அழுத்திப் பிடித்து, ஆப் இன்ஃபோ போய், பெர்மிஷன்ஸில் லொகேஷனை "டோன்ட் அலவ்" செய்துவிடுங்கள், எந்த மாடலானாலும் இது வேலை செய்யும். ஒன்று கவனம், இது இனி எடுக்கப்போகும் படங்களுக்குத்தான். ஏற்கனவே கேலரியில் இருக்கிற ஆயிரம் படங்களும் இடத்தோடுதான் இருக்கும்.

அப்பா, அம்மா, பாட்டி போனில் யோசிக்காமல் நிறுத்திவிடுங்கள் என்பேன். அனுப்பும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டனை நினைவு வைத்துக்கொள்ளச் சொல்வது நியாயமில்லை. ஆனால் உங்கள் போனுக்கு நான் அப்படிச் சொல்லமாட்டேன். பத்து வருடம் கழித்து இந்தப் படம் எந்த ஊர் என்று தேடும்போது அந்த மேப்தான் கைகொடுக்கும், கொடைக்கானல் என்று தேடினால் கொடைக்கானல் படங்கள் வருவதும் அதனால்தான். தகவல் உங்களிடம் இருப்பதில் கெடுதல் இல்லை, வெளியே போகும்போது கழற்றினால் போதும்.

ஐபோனில் அது சுலபம். போட்டோஸில் படங்களைத் தேர்ந்தெடுத்து ஷேர் தொட்டதும் மேலே சின்ன எழுத்தில் ஆப்ஷன்ஸ் என்று இருக்கும், அதைத் தொட்டு லொகேஷனை அணைத்துவிட்டு அப்புறம் அனுப்புங்கள். அங்கேயே "ஆல் போட்டோஸ் டேட்டா" என்று இன்னொன்று இருக்கும். அதை ஆன் செய்து ஏர்டிராப்பில் அனுப்பினால் நீங்கள் எடிட் செய்வதற்கு முந்தைய படமும் எதிராளிக்குப் போகும், ஒருவரைக் கிராப் செய்து நீக்கியிருந்தால் அவரும் திரும்ப வந்துவிடுவார், எனவே அதை அணைத்தே வையுங்கள். ஆப்புக்குள்ளிருந்து படம் தேர்ந்தெடுக்கும்போதும் புதிய ஐஓஎஸ்ஸில் ஆப்ஷன்ஸ் உண்டு. லொகேஷனை அணைத்தால் இடம் மட்டும்தான் போகாது, நேரமும் மாடலும் போகும்.

ஆண்ட்ராய்டில் சாம்சங் கேலரியில் படத்தை மேலே தள்ளி, எடிட் தொட்டு, இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கழித்தல் குறியை அழுத்தினால் இடம் நீங்கும், அசல் படத்திலிருந்தே நீங்கும் என்பதால் முதலில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கூகுள் போட்டோஸில் லிங்க் கொடுத்துப் பகிர்பவர்கள் செட்டிங்ஸின் ஷேரிங் பகுதியில் போட்டோ லொகேஷனை மறைக்கும் வசதியை ஆன் செய்யுங்கள், அது லிங்குக்கு மட்டும்தான் பொருந்தும். எனக்குப் பிடித்தது ஸ்கிராம்பிள்டு எக்ஸிஃப் என்கிற இலவச, ஓப்பன் சோர்ஸ் ஆப். கேலரியில் ஷேர் தொட்டு வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக முதலில் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது எக்ஸிஃபைக் கழற்றி, ஃபைல் பெயரையும் மாற்றி, மறுபடி ஷேர் பட்டியலைக் காட்டும், அங்கே வாட்ஸ்அப்பையோ மெயிலையோ தொடலாம். கழற்றுவதால் படத்தின் தெளிவு துளியும் குறையாது. மெயிலில் அனுப்பினால், கிளியரா வேணும் என்று கேட்கிற சித்தப்பாவுக்கும் திருப்தி.

கல்யாண ஆல்பம் மாதிரி நூற்றுக்கணக்கில் இருந்தால் கம்ப்யூட்டரில் செய்யுங்கள். விண்டோஸில் எல்லாப் படத்தையும் செலக்ட் செய்து, ரைட் கிளிக், பிராபர்ட்டீஸ், டீடெயில்ஸ், அடியில் "ரிமூவ் பிராபர்ட்டீஸ் அண்ட் பர்சனல் இன்ஃபர்மேஷன்". காப்பி உருவாக்கும் முதல் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள், அசல் பத்திரமாக இருக்கும். மேக்கில் போட்டோஸிலிருந்து எக்ஸ்போர்ட் செய்யும்போது லொகேஷன் இன்ஃபர்மேஷன் என்ற டிக்கை எடுத்துவிட்டால் போதும். ஒன்றுவிடாமல் சுத்தமாகத் துடைக்க வேண்டுமென்றால் பில் ஹார்வி என்பவர் 2003-லிருந்து இலவசமாகத் தருகிற எக்ஸிஃப்டூல்தான் சரியான கருவி, ஒரே கட்டளையில் ஃபோல்டர் முழுவதையும் முடித்துவிடும். அதில் ஒரு பொறி இருக்கிறது: துடைத்த படத்துக்குப் பக்கத்திலேயே துடைக்காத அசலையும், பெயரின் கடைசியில் ஒரிஜினல் என்று சேர்த்து, வைத்துவிடும். அந்த ஃபோல்டரை அப்படியே ஜிப் செய்து அனுப்பினால் இவ்வளவு வேலையும் வீண்.

இது எதுவும் முடியாத அவசரமா? படத்தைத் திரையில் திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். தெளிவு திரை அளவுக்குக் குறையும், ஜிபிஎஸ் இருக்காது.

வீடியோவிலும் இதே இடத்தகவல் உண்டு என்பதையும் சேர்த்து நினைவு வையுங்கள். ஐபோன் லைவ் போட்டோ ஷட்டருக்கு முன்னும் பின்னும் ஒன்றரை வினாடி வீடியோவை, சத்தத்தோடு, பதிகிறது. சாம்சங்கின் மோஷன் போட்டோவும் அந்த வகைதான். பின்னால் யாரோ பேசியதும் அதில் இருக்கலாம், வெளியாட்களுக்கு அனுப்பும் முன் சாதாரணப் படமாக மாற்றிவிடுங்கள்.

மறைத்த இடம் மறைந்ததா

எக்ஸிஃபைவிட இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆதார், பேங்க் பாஸ்புக், மெடிக்கல் ரிப்போர்ட் எல்லாவற்றையும் படமெடுத்து, நம்பர் மேல் விரலால் கறுப்புக் கோடு இழுத்து அனுப்புகிறோம். அந்தக் கோட்டை ஹைலைட்டரில் இழுத்திருந்தால் அது முழுக் கறுப்பு அல்ல, கண்ணாடி மாதிரி பாதி ஊடுருவும். இரண்டு மூன்று தடவை தேய்த்து நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும், எதிராளி எடிட்டரில் பிரைட்னஸ்ஸையும் எக்ஸ்போஷரையும் ஏற்றினால் எண்கள் எழும்பி வரும். கட்டம் கட்டமாக மங்கவைப்பதையும் நம்பாதீர்கள். எண்கள் பத்துத்தான், எந்த எண் எப்படி மங்கும் என்று ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியும். நிரப்பிய செவ்வகத்தை வைத்து மூடுங்கள், அதன் ஒப்பாசிட்டி (ஊடுருவித் தெரியாத தன்மை) நூறு சதவீதம் இருக்கட்டும், அப்புறம் அதை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அந்த ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்புங்கள்.

ஆதாரில் நம்பரை மறைத்துவிட்டு கியூஆர் கோடை அப்படியே விடுபவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. அந்த கியூஆர் கோடுக்குள் பெயர், பிறந்த தேதி, முழு விலாசம் எல்லாம் இருக்கிறது, பழைய கார்டுகளில் 12 இலக்க எண்ணே முழுசாக இருந்தது. ஆதார் இணையதளத்தில் மாஸ்க்டு ஆதார் இறக்கிக்கொள்ளலாம், முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். அதை அனுப்பினாலும் கியூஆர் கோடை மூடிவிடுங்கள், கேட்பவருக்கு அது உண்மையிலேயே தேவை என்றால் தவிர.

கிராப் செய்தால் வெட்டிய பகுதி போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். 2023 மார்ச்சில் கூகுள் பிக்சல் போன்களின் மார்க்கப் எடிட்டரில் ஒரு ஓட்டை வெளிவந்தது: வெட்டிய படத்தைச் சேமிக்கும்போது பழைய ஃபைலின் மிச்சம் கடைசியில் அப்படியே தங்கியிருந்தது, அதிலிருந்து வெட்டிய பகுதியை ஓரளவு மீட்க முடிந்தது. பல வருடமாக இருந்த ஓட்டை, விண்டோஸ் 11-ல் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கும் ஸ்னிப்பிங் டூலிலும் இதே மாதிரி ஒன்று இருந்தது. அப்டேட் வந்து சரியாகிவிட்டது, ஆனால் அதற்கு முன்னால் அனுப்பிய படங்கள் அனுப்பியவைதான். வேர்டு ஃபைலுக்குள் படத்தை வைத்துக் கிராப் செய்தாலும், கம்ப்ரஸ் பிக்சர்ஸில் போய் வெட்டிய பகுதியை நீக்கச் சொன்னால் ஒழிய, முழுப் படமும் உள்ளேதான் இருக்கும்.

ஸ்க்ரீன்ஷாட்டில் ஜிபிஎஸ் இல்லை என்றேன். ஆனால் மேலே நோட்டிஃபிகேஷன், பேங்க் மெசேஜின் முதல் வரி, பக்கத்து டேபின் பெயர் எல்லாம் தெரியும். சாம்சங்கில் எந்த ஆப்பில் எடுத்தது என்பது ஃபைல் பெயரிலேயே இருக்கும். வாட்ஸ்அப் சேமிக்கும் படத்தின் பெயரிலும் தேதி இருக்கும்.

ஏற்கனவே அனுப்பியதற்கு என்ன செய்வது? டிரைவ் லிங்குகளைத் திறந்து "எனிஒன் வித் தி லிங்க்" என்று இருப்பவற்றை மூடுங்கள், இது இன்றைக்கே முடிகிற வேலை, பலன் அதிகம். வாட்ஸ்அப்பில் டெலிட் ஃபார் எவ்ரிஒன் இரண்டு நாளைக்குச் சற்று மேல்தான் வேலை செய்யும், அதற்குள் இறக்கியவர்களிடம் படம் இருக்கும். ஓஎல்எக்ஸ், வாடகை வீடு விளம்பரம், மேட்ரிமோனி என்று வெளியாட்கள் பார்க்கும் இடங்களில் போட்ட படங்களை முதலில் கவனியுங்கள், சொந்தக்காரர் குரூப் அடுத்ததாக இருக்கட்டும்.

ஒரே ஒரு சமயத்தில் இதில் எதையும் செய்யாதீர்கள். யாராவது மிரட்டினாலோ, விபத்து நடந்தாலோ, சொத்தைச் சேதப்படுத்தினாலோ, அதற்கு ஆதாரமாக எடுத்த படத்தின் எக்ஸிஃபைத் தொடக்கூடாது, கிராப்கூட செய்யக்கூடாது. எந்த நேரத்தில், எந்த இடத்தில் எடுத்தது என்பதை அந்த ஃபைல்தான் சொல்லும். அசலை போனிலேயே விட்டுவிட்டு, மாற்றாத காப்பி ஒன்றை பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். சைபர் குற்றத்துக்கு 1930 என்ற உதவி எண்ணில் புகார் கொடுக்கும்போதோ ஸ்டேஷனுக்குப் போகும்போதோ வாட்ஸ்அப்பில் வந்து சுருங்கிய காப்பியைக் காட்டுவதைவிட, எல்லாத் தகவலும் உள்ள அந்த அசலைக் கொடுப்பதுதான் உங்கள் பக்கத்தைப் பலமாக்கும்.